தேக்கா, பைனா? முதலில் தூண் எது என்று சொல்லுங்கள்

கேள்வி: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முன்புறம் 40 அடி நீளத்துக்கு மரவேலி போட ஆசைப்படுகிறேன். முழுக்கத் தேக்கில்தான் போட வேண்டும் என்கிறார் கணவர். பைன் மரமே போதும் என்கிறார் தச்சர். "எதைப் போட்டாலும் இரண்டு வருடத்தில் கரையானுக்குத்தான்" என்கிறார் மாமியார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் வீட்டுவாசல் படாதபடி, இடைவெளியே இல்லாமல் பலகை அடிக்கலாம் என்பது என் எண்ணம். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, நீலாங்கரை, சென்னை

பதில்: முதலில் மாமியார் பேச்சை. உங்கள் வீட்டில் மண்ணை நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மரவேலி பலகையில் கெடுவதைவிடக் காலில்தான் சீக்கிரம் கெடும். தூண் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஈரமும் இருக்கும், காற்றும் இருக்கும். மரம் மக்குவதற்கு அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடம் வாரக்கணக்கில் காயாது. கரையானும் மண்ணுக்குள்ளிருந்துதான் ஏறி வருகிறது. ஆகவே எந்த மரமானாலும் மண்ணில் நடாதீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் தோப்புகளில் முள்கம்பி கட்ட நட்டிருப்பார்களே, அந்தக் கருங்கல் தூண்களை 6 அடிக்கு ஒன்றாக நடுங்கள். அதில் துளை போட்டு, போல்ட் வைத்து மரச்சட்டங்களை முடுக்கிவிடலாம். தெருப்பக்கம் பலகை வந்துவிட்டால் கல் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டாலும் எனக்கு அது அழகாகவே தெரிகிறது. மரத்தூண்தான் வேண்டும் என்றால், கான்கிரீட் அடித்தளத்தின் மேல் தூணின் அடியைத் தாங்கிப் பிடிக்கும், துத்தநாகம் பூசிய இரும்புக் காலணி பொருத்தி, தரையிலிருந்து 2 அங்குலமாவது தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள்.

தூண் முடிவானால் மரத்தைப் பற்றிய சண்டை பாதி அடங்கிவிடும். தேக்கு நல்ல மரம்தான். ஆனால் தேக்கில் நிலைப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டை மட்டுமே. ஓரத்தில் வெளிறிக் கிடக்கும் வெள்ளைப் பகுதியைக் கரையான் மற்ற மரத்தைத் தின்பது போலவே தின்னும். இளவயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் இந்த வெள்ளை அதிகம். வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளுக்குப் போனால் கன அடி விலையைக் கேட்பதற்கு முன் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு உத்தரங்களும் விற்பனைக்கு வருகின்றன. ஆணிகளைப் பிடுங்கி, அறுத்து, இழைத்தால் சட்டத்துக்கு அருமையாக உதவும். என் யோசனை: சட்டத்துக்கும் கதவுக்கும் மட்டும் தேக்கு.

பலகைக்குத் தச்சர் சொல்லும் பைன் போதும், ஒரு நிபந்தனையோடு. அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய பைனாக இருக்க வேண்டும். மேலே மருந்தைத் தடவியது அதற்கு ஈடாகாது. மருந்தேற்றியதையும் அளவுக்கு அறுத்தால் உள்மரம் வெளியே வந்துவிடும். அறுத்த முனைகளில் மறுபடியும் மருந்து பூச வேண்டும். பெரும்பாலான தச்சர்கள் இதைச் செய்வதில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும். சவுக்கும் மூங்கிலும் மலிவு. ஆனால் சவுக்குக் கம்பு வெடிக்கும், மருந்தேற்றாத மூங்கில் உளுத்துக் கொட்டும்.

இடைவெளியே இல்லாத வேலி வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அடைத்த வேலி கப்பல் பாய் போல மொத்தக் காற்றையும் வாங்கிக்கொள்ளும். தவிர, மழையில் பலகை ஊதும். ஒன்றோடொன்று நெருக்கி அடித்திருந்தால் நெளிந்துவிடும். மறைப்பும் வேண்டும், காற்றும் போக வேண்டும் என்றால் சட்டத்தின் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பலகை அடிக்கச் சொல்லுங்கள்: முன்பக்கத்து இடைவெளியைப் பின்பக்கத்துப் பலகை முழுக்க மறைக்கும்படி. நேரே பார்ப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. பலகை கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை. இப்போது எங்கும் காணும், மெல்லிய மரச்சட்டங்களைப் படுக்கையாக அடித்த ரீப்பர் வேலி பார்க்கப் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் தண்ணீர் தங்கும், பிள்ளைகளுக்கு ஏணியாகவும் ஆகிவிடும். பலகை நெடுக்காகவே இருக்கட்டும். உச்சியைச் சாய்வாக வெட்டி, அடியில் தரைக்கு மேல் 3 அங்குலம் விடுங்கள்.

கடலுக்கு அருகில் இருப்பவர் நீங்கள் என்பதால் திருகாணியில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண இரும்பாணி உப்புக்காற்றில் துருப்பிடித்து, தேக்கில் கறுப்புக் கறையை இழுத்துவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 304 விலை குறைவு, ஆனால் உப்பைத் தாங்குவதில் ஒரு படி கீழே.

வார்னிஷ் வேண்டாம், வெயிலில் செதில் செதிலாக உரியும், அதைச் சுரண்டுவது பெரும்பாடு. மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு போதும். பங்குனியில் வேலையை முடித்துவிட்டால் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே பூசிவிடலாம். பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு கை.

முல்லைக்கொடி படரவிடும் ஆசை இருந்தால் வேலியில் ஏற்றாதீர்கள். ஓரடி உள்ளே தள்ளித் தனியாகக் கம்பி கட்டுங்கள். கொடி மூடிய பலகை எளிதில் காயாது, கரையான் மண்கோடு போட்டு ஏறினாலும் கண்ணில் படாது.