டோக்கன் அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், அண்ணாச்சி

சங்கரன்கோவில் பக்கத்துல டீக்கடை வச்சிருக்கற ஒரு அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. பொண்ணு எய்டட் ஸ்கூல்ல ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இன்ஜினியரிங் கட்ஆஃப் 158, பிசி கம்யூனிட்டி, அண்ணன் ஐடிஐ முடிச்சிட்டு வேலைக்கு போறான், வீட்டுல யாரும் டிகிரி படிக்கல. வருமான சான்றிதழ்ல 1,44,000 போட்டிருக்கு. ஒரு ஏஜெண்ட் வந்து "மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தர்றேன், 50,000 டோக்கன் கட்டுங்க, மீதிக்கு பேங்க் லோன் நானே ஏற்பாடு பண்றேன்"னு சொல்லியிருக்கான். நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், அரசாங்கத்துல என்னென்ன கிடைக்கும், 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை இப்பவே தள்ளி எடுத்துடலாமா, இல்ல நகையை வைக்கலாமான்னு கேட்டிருக்காரு.

அண்ணாச்சி, மொதல்ல அந்த 50,000த்தை கட்டாதீங்க. நான் பேங்க்ல கல்விக்கடன் சீட்ல ரொம்ப வருஷம் உக்காந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன். உங்க பொண்ணுக்கு எவ்வளவு செலவாகும்ங்கறது எந்த காலேஜ்ங்கறதை விட சீட்டு எந்த வழியா வந்துச்சுங்கறதுலதான் இருக்கு. கவுன்சிலிங் வழியா வந்தா ஒரு கணக்கு, மேனேஜ்மெண்ட் கோட்டா வழியா வந்தா அதே காலேஜ், அதே கிளாஸ், அதே பெஞ்சுக்கு வேற கணக்கு. ஏஜெண்ட் இதை சொல்ல மாட்டான், அவனுக்கு கமிஷன் ரெண்டாவது வழியில மட்டும்தான் வரும்.

கணக்கு இப்படி வருது. தமிழ்நாட்டுல தனியார் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸை, ஐகோர்ட் ரிடையர்டு ஜட்ஜ் தலைமையில இருக்கற கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு பண்ணுது. 2017ல அவங்க நிர்ணயிச்சது, கவுன்சிலிங் சீட்டுக்கு வருஷம் 50,000, என்பிஏ (கோர்ஸோட தரத்தை பாத்து அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள கோர்ஸா இருந்தா 55,000, மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தா 87,000. இந்த வருஷம் என்ன ரேட்டுன்னு சேர்றப்போ பாத்துக்குங்க, நான் கணக்குக்கு இதையே எடுத்துக்கறேன். கவுன்சிலிங்ல வந்து, முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழும் இருந்தா டியூஷன் ஃபீஸ்ல 25,000 குறையும், ஆக அங்கீகாரம் உள்ள கோர்ஸுக்கு 55,000ல நீங்க கட்டுறது 30,000. மேனேஜ்மெண்ட்ல போனா இந்த சலுகையே கிடையாது, முழு 87,000. வருஷத்துக்கு வித்தியாசம் 57,000, நாலு வருஷத்துக்கு 2,28,000. உங்க ஏலச்சீட்டு மொத்தத்தையும் விட ஜாஸ்தி, அதுவும் டொனேஷன்னு ரசீது இல்லாம வாங்குறதை இதுல நான் சேர்க்கவே இல்ல. டொனேஷன் வாங்குறது 1992லயே இங்க சட்டம் போட்டு தடை பண்ணது, ஆனாலும் வாங்குறாங்க, அதுக்கு எந்த பேங்கும் லோன் தராது, ஏன்னா பேங்க் பாக்குறது காலேஜ் குடுக்கற ஃபீஸ் ஸ்ட்ரக்சர் பேப்பரை மட்டும்தான். மேனேஜ்மெண்ட் சீட்டுன்னா நிறைய பிராஞ்ச்ல மேனேஜர் முகமே மாறிடும், நானே அந்த முகத்தை மாத்தினவன்தான், அதனால "லோன் நான் ஏற்பாடு பண்றேன்"னு ஏஜெண்ட் சொல்றதை வச்சு ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க.

இப்போ அந்த முதல் பட்டதாரி சர்டிபிகேட். இ-சேவை மையத்துல அப்ளை பண்ணணும், ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுல எல்லாரோட டிசி அல்லது மார்க் ஷீட், இதெல்லாம் கையில வச்சுக்குங்க, விஏஓ, ஆர்ஐ பாத்து துணை தாசில்தார் கையெழுத்து போடுவாரு. பையன் ஐடிஐ படிச்சது பிரச்சினை இல்ல, அது டிகிரி கிடையாது. ஆனா வீட்டுல யாராவது அஞ்சல் வழியில பிஏ முடிச்சிருந்தா அதுவும் டிகிரிதான், மறைச்சு வாங்கிட்டு பின்னாடி மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் இந்த சலுகை. கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்றப்போ பெத்தவங்களும் பொண்ணும் சேர்ந்து கையெழுத்து போடுற உறுதிமொழி படிவம் ஒண்ணு இருக்கு, அதையும் அப்லோட் பண்ணணும், சர்டிபிகேட் இருந்தும் இதை விட்டுட்டு சலுகை போனவங்களை பாத்திருக்கேன். இதுக்கு வருமான உச்சவரம்பு எதுவும் இல்ல.

அடுத்து நிறைய பேர் குழப்பிக்கற விஷயம், 7.5 சதவீத இடஒதுக்கீடு. அதுல சீட்டு கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாத்தையும் அரசாங்கமே கட்டிடும், ஆனா அது அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மட்டும். உங்க பொண்ணு எய்டட் ஸ்கூல், அதனால அது வராது, அதுக்காக அலைய வேணாம். புதுமைப் பெண் திட்டம் வேற. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்போ அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2024 கடைசியில எய்டட் ஸ்கூல்ல ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச பொண்ணுங்களுக்கும் நீட்டிச்சாங்க. உங்க பொண்ணு சரியா அதுல வர்றா. மாசம் 1,000 ரூபாய், படிப்பு முடியற வரைக்கும், நேரா அவ அக்கவுண்ட்டுக்கே வரும். காலேஜ்ல சேர்ந்ததும் அங்க இதுக்குன்னு இருக்கற நோடல் ஆபீசர் மூலமா பதிவு பண்ணணும், ஸ்கூல்ல குடுத்த எமிஸ் நம்பர் (மாணவர் அடையாள எண்) கேப்பாங்க, பழைய ஸ்கூல்ல இப்பவே போய் வாங்கி வச்சுடுங்க. அக்கவுண்ட் பொண்ணு பேர்ல இருக்கணும், ஆதார் லிங்க் ஆகியிருக்கணும், அம்மா அக்கவுண்ட் நம்பரை குடுத்துட்டு ஏன் பணம் வரலன்னு கேக்கறவங்க எக்கச்சக்கம்.

(பையன் வச்சிருக்கறவங்க கோவிச்சுக்காதீங்க, தமிழ்ப் புதல்வன்னு அதே 1,000 ரூபாய் 2024 ஆகஸ்ட்ல இருந்து பசங்களுக்கும் இருக்கு.)

பிசி ஸ்காலர்ஷிப்புக்கும் வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கறதால காலேஜ் ஆபீஸ் மூலமா அப்ளை பண்ணுங்க, தொகை பெருசா இருக்காது, ஆனா விடுறதுக்கு ஒண்ணும் இல்ல. அதை விட பெருசு, டெக்னிக்கல் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ குடுக்கற பிரகதி ஸ்காலர்ஷிப், டெக்னிக்கல் படிப்புல சேர்ற பொண்ணுங்களுக்கு மட்டும், வருஷம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா போதும். மெரிட் வச்சு குடுக்கறதால கிடைக்கும்னு நம்பி பட்ஜெட் போடாதீங்க, ஆனா முதல் வருஷமே நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல அப்ளை பண்ணிடணும். ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு வாங்கக்கூடாதுன்னு இந்த மாதிரி ஸ்காலர்ஷிப்ல விதி இருக்கும், எல்லாத்தையும் கிளிக் பண்ணிட்டு வராம விதியை படிச்சு எது பெருசோ அதை எடுங்க.

இப்போ நீங்க கேக்காம விட்ட செலவு, ஹாஸ்டல். எல்லாரும் ஃபீஸ் ஃபீஸ்னு பேசுறாங்க, ஆனா 30,000 ஃபீஸ் கட்டுற பிள்ளைக்கு ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்ந்து வருஷம் 80,000 ஆச்சுன்னா நாலு வருஷத்துல ஃபீஸ் 1,20,000, சாப்பாடும் படுக்கையும் 3,20,000! அதனால காலேஜை தேர்ந்தெடுக்கறப்போ வீட்டுல இருந்து பஸ்ல போய் வர முடியுமான்னு முதல்ல பாருங்க, காலேஜ் பஸ்ஸுக்கு தனியா கட்டணும்தான், ஆனாலும் ஹாஸ்டலை விட ரொம்ப கம்மி. ஹாஸ்டல்தான் வேணும்னா அரசு நடத்துற பிசி மாணவியர் விடுதி இருக்கு, 2025ல இருந்து சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தியிருக்காங்க, தங்கறது சாப்பாடு ரெண்டும் இலவசம், வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போதும். வசதி ஊருக்கு ஊர் மாறும், நல்லதும் இருக்கு, சுமாரும் இருக்கு, நேர்ல போய் பாத்துட்டு சேருங்க. காலேஜ் ஹாஸ்டல்லயே இருந்தாகணும்னு ஒரு காலேஜ் கட்டாயப்படுத்தினா அதை சாய்ஸ் லிஸ்ட்ல கீழ தள்ளுங்க.

சாய்ஸ் லிஸ்ட்னு சொன்னேன்ல, அங்கதான் காசே இருக்கு. கவுன்சிலிங்ல எத்தனை சாய்ஸ் வேணாலும் போடலாம், ஆனா நம்ம ஆளுங்க பத்து போட்டுட்டு தூங்கிடறாங்க. திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ், அண்ணா யுனிவர்சிட்டியோட திருநெல்வேலி, மதுரை வளாகங்கள், நாகர்கோவில், தூத்துக்குடியில இருக்கற உறுப்புக் கல்லூரிகள், இங்கெல்லாம் தனியார் காலேஜை விட ஃபீஸ் ரொம்ப கம்மி. 158க்கு அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் வர்றது கஷ்டம், சிவில், மெக்கானிக்கல் மாதிரி பிராஞ்ச் வரலாம். பொண்ணுக்கு கம்ப்யூட்டர்லதான் ஆசைன்னா தனியார் காலேஜ் கவுன்சிலிங் சீட்டுதான், தப்பில்ல, ஆனா ரெண்டையும் லிஸ்ட்ல வரிசையா போட்டு வைங்க. ஃபார்ம் போட தெரியலைன்னா பிரவுசிங் சென்டருக்கு காசு குடுக்காதீங்க, பக்கத்துல இருக்கற டிஎஃப்சி (TFC) ங்கற கவுன்சிலிங் உதவி மையத்துல இலவசமா பண்ணித் தருவாங்க.

ஏலச்சீட்டுக்கு வருவோம். பத்து மாசத்துல முடியப் போற 2 லட்ச சீட்டை இப்ப தள்ளி எடுத்தா 40,000 தள்ளுபடி போகும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. லோன்ல 1 லட்சம் வாங்கினா பத்து சதவீதம்னு வச்சாலும் ஒரு வருஷத்துக்கு வட்டி 10,000தான், அப்ப எதுக்கு 40,000 விடணும்? சீட்டு அது பாட்டுக்கு ஓடி முடியட்டும், முழுப் பணமா எடுத்து ரெண்டாம் வருஷத்துக்கு வைங்க. நகையை முதல் வருஷம் அட்மிஷன் நேரத்துல லோன் வர லேட்டாச்சுன்னா அவசரத்துக்கு மட்டும் வச்சு உடனே மீட்டுடுங்க, நாலு வருஷ படிப்பை நகைக்கடன்ல ஓட்டணும்னு நெனைக்காதீங்க, வருஷா வருஷம் வட்டி கட்டி திருப்பி வைக்கறதுலயே உயிர் போயிடும்.

கல்விக்கடன் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. 4 லட்சம் வரைக்கும் நீங்க கைக்காசு எதுவும் போட வேண்டியதில்ல, அதுக்கு மேல போனா அஞ்சு சதவீதம் நீங்க போடணும். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசோட கடன் உத்தரவாதம் இருக்கறதால சொத்து அடமானம் கேக்கக்கூடாது, பெத்தவங்க கூட்டா கையெழுத்து போட்டா போதும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், அதுக்குப் பிறகு 15 வருஷம் வரைக்கும் கட்டலாம். ஆனா தவணை கட்ட வேண்டாம்னா வட்டி ஓடாதுன்னு அர்த்தம் இல்ல, இதைத்தான் யாரும் புரிஞ்சுக்கறதில்ல. வருஷம் 1 லட்சமா நாலு வருஷம் எடுத்தீங்கன்னு வைங்க, பத்து சதவீதம் தனி வட்டி, முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, 20,000, மொத்தம் 1,40,000. பொண்ணு வேலைக்கு போறப்போ கடன் 4 லட்சமா இருக்காது, 5,40,000. பத்து வருஷத்துல கட்டினா மாசம் 7,100 கிட்ட வரும்.

இதை குறைக்க ரெண்டு வழி இருக்கு. மத்திய அரசோட வட்டி மானியம், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அஞ்சு வருஷ வட்டியை அரசாங்கமே பேங்குக்கு கட்டிடும், அப்ப கடன் 4 லட்சத்துலயே நிக்கும், மாசத் தவணை 5,300 கிட்ட. ஆனா காலேஜுக்கு நாக் (NAAC, காலேஜோட தரத்தை பாக்குற தேசிய அமைப்பு) அங்கீகாரமோ கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருக்கணும், அதனால காலேஜ் பாக்கறப்போ கேண்டீனை விட முக்கியமா இதை பாருங்க. 2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துல ரேங்கிங்ல முன்னாடி இருக்கற கல்வி நிறுவனங்களுக்கு (ஆரம்பிச்சப்போ சுமார் 860) அடமானமும் இல்லாம ஜாமீனும் இல்லாம லோன் தர்றாங்க, உங்க காலேஜ் அந்த லிஸ்ட்ல இருந்தா அந்த போர்ட்டல்லயே அப்ளை பண்ணுங்க. வேற அரசு உதவி வாங்கினா வட்டிச் சலுகை பாதிக்குமான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. இன்னொரு வழி, மானியம் கிடைக்கலைன்னா வட்டியை மட்டும் மாசா மாசம் கட்டிட்டு வர்றது. முதல் வருஷம் 1 லட்சத்துக்கு மாச வட்டி 833 ரூபாய்தான், புதுமைப் பெண் 1,000 அதுக்கே சரியா இருக்கும், ரெண்டாம் வருஷத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கைக்காசு சேர்க்கணும்.

உங்களுக்கு 4 லட்சம் தேவைப்படாதுன்னுதான் நான் நெனைக்கறேன். கவுன்சிலிங் சீட்டு, பட்டதாரி சலுகை, பஸ்ல போய் வர்ற தூரம்னா லேப்டாப், எக்ஸாம் ஃபீஸ், பஸ் எல்லாம் சேர்த்து நாலு வருஷமும் 3 லட்சத்துக்குள்ள முடிக்கலாம், அதுல 2 லட்சம் உங்க சீட்டுப் பணம். லோன் 1 லட்சம் 1.5 லட்சத்தோட நிறுத்திடலாம்.

பேங்க்ல "எங்க ஏரியா இல்ல", "டார்கெட் முடிஞ்சிடுச்சு"ன்னு வாய்லயே திருப்பி அனுப்புவாங்க. கல்விக்கடன் போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டு அந்த அப்ளிகேஷன் நம்பரோட போங்க, முடியாதுன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, எழுத்துன்னதும் பாதி பேருக்கு ஏரியா ஞாபகம் வந்துடும். அப்பவும் அசையலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல புகார் போடலாம், காசு கிடையாது.

கடைசியா ஒண்ணு, எந்த காலேஜா இருந்தாலும் ஒரிஜினல் மார்க் ஷீட், டிசியை சரிபாத்துட்டு திருப்பிக் குடுத்துடணும்னுதான் விதி, வாங்கி வச்சுக்க அவங்களுக்கு உரிமை இல்ல. ஒரு காலேஜ் ஆபீஸ்ல என் சொந்தக்காரப் பையனோட டிசியை வச்சுக்கிட்டு மூணு வாரம் அலைய விட்டாங்க, அதுக்குள்ள ரெண்டாவது ரவுண்டு கவுன்சிலிங்கே முடிஞ்சுடுச்சு. ஏஜெண்ட் டோக்கன் கேக்கறப்போ கூடவே "சும்மா ஒரிஜினல் குடுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு தர்றேன்"னு கேப்பான். ஜெராக்ஸை நீங்களே எடுத்துட்டு போங்க, ஒரிஜினல் உங்க பீரோவிலேயே இருக்கட்டும்.