சனிக்கிழமை ராத்திரி வயிற்றுவலி

அன்புள்ள மேடம்,

கணவரைப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகனுக்கு ஏழு வயது. கோர்ட் உத்தரவுப்படி ஞாயிறுதோறும் அவன் அப்பா வந்து கூட்டிப்போவார். சனிக்கிழமை ராத்திரியே இவனுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். "உங்க வீட்டுக்கு யார் யாரெல்லாம் வர்றாங்க?" என்று மாமியார் குடைகிறாராம்.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சில மாதமாகத் தூக்கமே இல்லை. பில் போடும்போதே அழுகை வருகிறது. மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், "பைத்தியம்னு சொல்லிப் பிள்ளையைப் பிடுங்கிடுவாங்க, அவனுக்காகப் பொறுத்துக்கோ" என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, மதுரை

அன்புச் சகோதரி,

மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. இதே பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெண்கள் நிறையப் பேர். ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். மனநலப் பாதிப்பு இருப்பதாலேயே ஒருவரைச் சித்தம் கலங்கியவர் என்று கொள்ளவும் கூடாது. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் கோர்ட் முதலில் பார்ப்பது அவனுடைய நலனை. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற அம்மாவும் அந்த நலனில் அடக்கம்தானே? "பொறுத்துக்கோ" என்பதால் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை.

அவன் வயிற்றுவலி நடிப்பு இல்லை. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்றால், பயம்தான் வலியாக வருகிறது. இந்த வயதில் அது சகஜம். "அங்க நடந்ததை என்கிட்ட ஒப்பிக்க வேண்டாம், தோணினா சொல்லு" என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். பாட்டி கேட்டால், "அம்மாகிட்டயே கேளுங்க பாட்டி" என்று சொல்லப் பழக்குங்கள். இரண்டு பக்கமும் தகவல் சுமக்கும் வேலை அவனுக்கு வேண்டாம்.

அப்பாவைப் பார்ப்பதையே நிறுத்தும்படி இப்போது கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தால், அவனை வாட்டுவது பாட்டியின் அந்தக் குடைச்சல்தான் என்று தோன்றுகிறது. குடும்பநல நீதிமன்ற ஆலோசகரிடம் இதைச் சொல்லுங்கள். வேறு பொது இடத்தில், அப்பாவும் மகனும் மட்டும் சந்திக்கும்படி உத்தரவை மாற்றித்தரக் கேட்கலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

அப்புறம், ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கும்போது, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.