கூரையில் இருந்து ஆரம்பியுங்கள்

ஜப்பானின் அவாஜி தீவில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ கட்டிய நீர்க்கோயிலைப் பற்றி செமினார் எடுக்கப் போவதாகவும், "வெறும் கான்கிரீட்டும் குளமும்தானே, குறியீடு எங்கே?" என்று உங்கள் பேராசிரியர் மடக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பதில் கூரையில் இருக்கிறது.

ஜப்பானியக் கோயில் என்றாலே தூரத்திலிருந்தே தெரியும் பெரிய கூரைதான் அதன் அதிகாரம். 1991இல் முடிந்த இந்தக் கோயிலில் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீள்வட்டமான தாமரைக் குளத்தை வைத்தார் ஆண்டோ. சந்நிதி குளத்துக்கு அடியில். அண்ணாந்து பார்த்து ஏறிப் போகிற வழக்கம் தலைகீழாகிறது: குளத்தை இரண்டாக வெட்டும் குறுகிய படிக்கட்டில் இறங்குகிறோம். நாலு படி இறங்கினால் தாமரை இலைகள் கண்மட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் தலைக்கு மேல். சேற்றில் வேரூன்றி மேலே மலரும் பூ அது. நாம் போவதோ அதன் வேர் இருக்கும் பக்கம்.

கீழே எல்லாம் சிந்தூரச் சிவப்பு. வெளியே சாம்பல் சுவரும் வெள்ளைச் சரளையும் பார்த்துவிட்டு வருவதால் அந்தச் சிவப்பு அடிக்கும். மேற்கிலிருந்து, புத்தர் சிலைக்குப் பின்னால் வெளிச்சம் நுழைகிறது. மாலை வெயிலில் அறையே எரிவதுபோல் ஆகிறது. அமிதாப புத்தரின் சொர்க்கமான சுகாவதி மேற்கில் இருக்கிறது என்பது கிழக்காசிய பௌத்தத்தில் பரவலான நம்பிக்கை. இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, தரைப்படத்தை மட்டும் காட்டினால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் வெட்டுத்தோற்றம் வரையுங்கள். சந்நிதிக்கு மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் பென்சில் போதும்.