எபோலா, நிபா, டெங்கு: உடம்பின் முதல் காவலை இந்த வைரஸ்கள் எப்படித் தாண்டுகின்றன?

எபோலாவும் நிபாவும் உடம்பின் முதல் பாதுகாப்பில் எப்படிச் சிக்காமல் தப்புகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். என் கைக்கு வருவது டெங்குதான், அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு கலத்துக்குள் வைரஸ் புகுந்து பெருகத் தொடங்கினால், சாதாரணமாக அங்கே இருக்கக்கூடாத இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். ரிக்-ஐ போன்ற புரதங்கள் அதைக் கண்டுபிடித்து இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைக்கும். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த பொருள் அது. இன்டர்பெரோன் பக்கத்துக் கலத்தில் போய் ஒட்டியதும் உள்ளே ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து அந்தக் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, வைரஸை எதிர்க்கிற நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். பிறபொருளெதிரி (அன்டிபொடி) உருவாக நாட்கள் வேண்டும், இதற்குச் சில மணி நேரமே போதும்.

கொடிய வைரஸ்கள் கை வைப்பது இந்தச் சங்கிலியில்தான். எபோலாவின் வி.பி.35 என்ற புரதம் அந்த இரட்டை இழையின் மேல் மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும், ரிக்-ஐக்கு எதுவுமே தெரியாது. அதையும் மீறிச் செய்தி போனால், ஸ்டாட்1ஐக் கருவுக்குள் கூட்டிப் போகிற புரதத்தை வி.பி.24 பிடித்து வைத்துக்கொள்ளும். நிபாவுக்கு வி, டபிள்யூ என்று இரண்டு புரதங்கள், ஒன்று கருவுக்கு வெளியேயும் மற்றது உள்ளேயும் ஸ்டாட்1ஐ முடக்கிப் போடும். இந்த அமைதியில் வைரஸ் தாறுமாறாகப் பெருகிவிடும், அப்புறம் உடம்பு விழித்து எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கும்போது அந்தத் தாக்குதலே இரத்தக் குழாய்களையும் உறுப்புகளையும் சேதப்படுத்திவிடும்.

சரி, டெங்கு. இதன் என்.எஸ்.5 புரதம் மனிதனின் ஸ்டாட்2ஐப் பிடித்து அழிக்க வைக்கிறது, ஆனால் எலியின் ஸ்டாட்2ஐ அதனால் பிடிக்க முடியாது. சாதாரண எலிக்கு டெங்கு இலகுவில் வராததற்கு இது ஒரு முக்கிய காரணம். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் இன்டர்பெரோன் வேலை செய்யாதபடி மாற்றிய எலிகளை வைத்துப் படிக்கிறார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது டெங்குவின் இன்னொரு புரதமான என்.எஸ்.1. காய்ச்சல் தொடங்கி முதல் சில நாட்களுக்குள் வருகிறவர்களின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்ததும் பிரிகிற தெளிந்த நீரை, சில துளி சிறிய பரிசோதனைப் பட்டையில் விட்டால் அது மெல்ல ஊறி ஏறும், ஒரு கோடு கட்டாயம் வரும், இரண்டாவது கோடு மங்கலாகத் தெரியத் தொடங்கினாலே எனக்கு வயிறு கலங்கும். அந்தக் கோடு காட்டுவது வைரஸை அல்ல. தொற்றிய கலங்கள் இரத்தத்தில் கொட்டுகிற என்.எஸ்.1 புரதத்தைத்தான் காட்டுகிறது. நம் இரத்தத்தில் ஏற்கெனவே காவலுக்கு நிற்கிற நிரப்புப் புரதங்களை மட்டுப்படுத்துவதும், இரத்தக் குழாய்ச் சுவரைக் கசிய வைப்பதும் இதே புரதம்தான்.

2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. அதில் என் தம்பியும் ஒருவன். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று அம்மா கஞ்சி காய்ச்சத் தொடங்கிவிட்டார். நான் இரத்தம் எடுத்துப் போய்ப் பார்த்தால் பிளேட்லட் 38 ஆயிரம், அதைவிட என்னைப் பயப்படுத்தியது, பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறியிருந்ததுதான். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வைரஸ் இரத்தத்தில் குறையத் தொடங்கியிருக்கும், ஆபத்து கசிவில்தான், அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய பிறகு வருகிற 24 முதல் 48 மணி நேரத்தில். அன்று மத்தியானமே அவனை வார்டில் சேர்த்தோம். இரண்டு நாள், குடித்த நீரும் போன சிறுநீரும் ஒரு கொப்பியில் மணிக்கணக்கில் எழுதினேன். மூன்றாம் நாள் பி.சி.வி. இறங்கியது, அவனுக்குப் பசி வந்தது.