மதுரைக்குப் போனால் மதிப்பு போய்விடுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சொந்த ஊர் விருதுநகர். படிப்பு முடிந்ததிலிருந்து சென்னையில்தான் இருக்கிறேன். துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 24 லட்சம் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 1 லட்சம். இங்கே சேர்ந்து 4 வருடம் 7 மாதம் ஆகிறது. கணவர் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட், மாதம் 45,000. பையன் இரண்டாம் வகுப்பு. இப்போது மதுரை இலந்தைக்குளத்தில் இதே வேலைக்கு 18 லட்சம் தருவதாக ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. கணவருக்கு அங்கே 30,000 கிடைக்கலாம். எங்கள் மாதச் செலவு 1,25,000. அதில் வாடகை 32,000, பராமரிப்பு 4,500. கையில் 26 லட்சம் சேமிப்பு. மேடவாக்கத்தில் 85 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பேசி வைத்திருக்கிறோம். 15 லட்சம் போட்டு மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று எண்ணம். பெரம்பூரில் இதைவிடக் குறைவாக வந்தது, ஆனால் வடசென்னை என்பதால் பார்க்கவே போகவில்லை.

கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மயிலாப்பூர். "மதுரைக்குப் போனால் பையன் பேச்சே மாறிவிடும்" என்கிறார் மாமியார். "சென்னையில் வீடு வாங்க முடியாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று பேசுவார்கள்" என்கிறார் நாத்தனார். எனக்கே சம்பளம் குறைவது தோல்வி மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எண்களைவிட மற்றவர்கள் பேச்சுதான் அதிகம் உறுத்துகிறது. அதற்குக் கண்டிப்பாக வருகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை லட்சக்கணக்கில் இருக்கிறது. ஆனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

24 லட்சத்திலிருந்து 18 லட்சம் என்றால் மாதம் 50,000 போகிறது என்று நினைக்கிறீர்கள். அவ்வளவு போகாது. புதிய வருமான வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக, 24 லட்சத்துக்கு வரி செஸ் உட்பட 2,92,500. 18 லட்சத்துக்கு 1,50,800. பி.எஃப். பிடித்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இப்போது மாதம் சுமார் 1,75,600 வருகிறது, மதுரையில் 1,37,400 வரும். ஆக உங்கள் சம்பளத்தில் கையில் குறைவது 38,200. கணவருக்குக் குறைவது 15,000. அவர் வருமானத்துக்கு இரண்டு ஊரிலும் வரி இல்லை. குடும்பத்துக்கு மொத்தம் 53,200 குறைகிறது.

செலவு எவ்வளவு குறையும்? நீங்கள் தனியாக அனுப்பியிருந்த பட்டியலை வைத்தே சொல்கிறேன். கே.கே. நகரில் நீங்கள் பார்த்த வீடு எல்லாம் சேர்த்து 17,000, அதில் 19,500 மிச்சம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 1,60,000 கட்டுவது 90,000 ஆகிறது, மாதம் 5,800. பெட்ரோல், கேப் செலவில் 6,000. பள்ளி விட்டதும் பையனைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கொடுக்கும் 9,000, அலுவலகம் பத்து நிமிடத்தில் என்பதால் தேவைப்படாது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்த்து 40,300. மளிகை, போன், மருந்து, துணிமணி எல்லாம் எந்த ஊரிலும் ஏறத்தாழ அதே விலைதான். "சின்ன ஊரில் எல்லாமே பாதி விலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆக, இரண்டு ஊரிலும் வாடகை வீட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சென்னையில் மாதம் சுமார் 13,000 கூடுதலாக மிஞ்சும். மதுரை இதில் ஜெயிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு "ஊருக்குப் போங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நீங்கள் சென்னையில் வாடகை வீட்டிலேயே இருக்கப் போவதில்லை. அந்த மேடவாக்கம் ஃபிளாட் நடுவில் வந்து நிற்கிறது. அதை வைத்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

முதலில், 15 லட்சம் போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 85 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 68 லட்சம். மீதி 17 லட்சம் உங்கள் கையிலிருந்து. அப்புறம் பத்திரச் செலவு. மறுவிற்பனை ஃபிளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 7,65,000. இதையும் கடனில் சேர்க்க முடியாது. இரண்டும் சேர்ந்து 24,65,000. உங்கள் 26 லட்சத்தில் மிஞ்சுவது 1,35,000. தரகுக்கும் பெயின்ட்டுக்கும் அதுவும் கரைந்துவிடும்.

68 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 56,900. முழுதாகக் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 68 லட்சத்தைத் தாண்டியிருக்கும். "வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்று உங்கள் கொழுந்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய வரி முறையில் கழிவு கிடையாது. அதற்காகப் பழைய முறைக்குப் போனால், 2 லட்சம் வட்டி, 1,50,000 சேமிப்பு, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் கழித்த பிறகும் உங்கள் வரி 4,20,000 பக்கம் வரும். இப்போது கட்டுவது 2,92,500. அந்தச் சலுகையை மறந்துவிடுங்கள்.

இந்த நிலையில் ஒரு நாள் உங்கள் வேலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் அது நடக்காத விஷயம் இல்லை. சொந்த ஃபிளாட்டில், தவணை உட்பட மாதச் செலவு 1,50,000 ஆகியிருக்கும். கணவரின் 45,000 தவணைக்கே போதாது. மாதம் 1,05,000 துண்டு விழும். கையிருப்பு ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. சென்னையிலேயே வாடகை வீடு, 26 லட்சம் அப்படியே இருக்கிறது என்றால் 32 மாதம் தாங்கலாம். மதுரையில் வாடகை வீடு, கணவருக்கு 30,000 வருகிறது என்றால் 47 மாதம். ஒன்றரை மாதம், 32 மாதம், 47 மாதம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னைத் தூங்கவிடாதது இந்த முதல் எண்தான்.

சரி, பேச்சுக்கு வருவோம். அந்த ஃபிளாட்டை ஏன் இவ்வளவு அவசரமாக வாங்க நினைக்கிறீர்கள்? வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லவில்லை. பையனுக்குப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. "சென்னையில் வீடு வாங்க முடியாதவர்கள்" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் அந்த வீடு என்று எனக்குத் தோன்றுகிறது. நாத்தனார் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போன சொல்லுக்கு நீங்கள் 20 வருடம் தவணை கட்டுவீர்கள். அவர் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.

விருதுநகரிலிருந்து வந்த ஒருவருக்கு மாமியார் வீட்டில் "ஊர்ப்பக்கம்" என்ற சொல் எப்படிக் குத்தும் என்று எனக்குப் புரிகிறது. தெற்கத்திப் பேச்சைக் கேட்டதும் ஒரு சிரிப்பு, மதுரை என்றால் உடனே அரிவாள் பேச்சு. இதையெல்லாம் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். பையன் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று பேசினால் எந்தக் கல்லூரியும் கதவைச் சாத்தப்போவதில்லை. அவனுடைய விருதுநகர்ப் பாட்டியும் தாத்தாவும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதை அவன் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஆனால் இதே அளவுகோல் உங்கள் கையிலும் இருக்கிறது. பெரம்பூரை ஏன் பார்க்கவில்லை? துரைப்பாக்கத்துக்குத் தூரம் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன், நியாயமான காரணம். "வடசென்னை என்பதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரயில் நிலையமும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் உள்ள, தலைமுறை தலைமுறையாக ரயில்வே குடும்பங்கள் வாழ்கிற பகுதி அது. மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ பாதையும் பெரம்பூர் வழியாகத்தான் போடுகிறார்கள். மயிலாப்பூர் மதுரையைப் பார்க்கும் பார்வையைத்தான் நீங்கள் பெரம்பூர் மேல் வைத்திருக்கிறீர்கள். உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. இந்தப் பார்வை யாரிடம் இருந்தாலும் வீட்டு விலையில் பல லட்சம் ஏறிவிடுகிறது.

உங்களை அழைக்கும் நிறுவனமும் அதையேதான் செய்கிறது. வேலை அதே வேலை, வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை ஊரைப் பார்த்துக் குறையப்போவதில்லை, ஆனால் மதுரை என்பதால் சம்பளம் 25 சதவீதம் குறைவு. இதைக் கேட்காமல் விடாதீர்கள். 20 லட்சம் கேளுங்கள். அந்தச் சம்பளத்துக்கு மாதம் 1,50,600 கையில் வரும். நான் முன்பு சொன்ன 13,000 இடைவெளி அதோடு சரியாகிவிடும். கேட்கும்போது, சொல்லும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் செயல்திறன் ஊக்கத்தொகையும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 18 லட்சம் என்று சொல்லிவிட்டு 2 லட்சத்தை ஊக்கத்தொகையில் வைத்திருந்தால் என் கணக்கு எதுவும் செல்லாது.

மதுரைக்கு எதிராக உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை இரண்டு. அவற்றை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, அடுத்த வேலை. சென்னையில் வேலை போனால் அதே ஓ.எம்.ஆரில் இன்னொரு கம்பெனி படியேறலாம். மதுரையில் உங்கள் அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் ஆள் எடுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். ஒன்று போனால் மறுபடி சென்னைக்கோ பெங்களூருக்கோ குடும்பத்தோடு பெயர வேண்டியிருக்கலாம், அல்லது வீட்டிலிருந்தே செய்யும் வேலையாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அங்கே போனால் 10 லட்சத்தை, அதாவது ஒரு வருடச் செலவை, வைப்பு நிதியில் போட்டுத் தொடாமல் வையுங்கள். பழைய அலுவலக நண்பர்களோடு தொடர்பும் விட்டுப்போக வேண்டாம்.

இரண்டு, உங்கள் கணவர். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தை விட்டு, பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வரப்போவது அவர். "30,000 கிடைக்கலாம்" என்பது இன்னும் கிடைத்த வேலை இல்லை. அது கிடைக்காவிட்டால் மாதம் 13,000 என்பது 43,000 ஆகிவிடும். நீங்கள் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு அங்கே ஒரு வேலை உறுதியாக வேண்டும், அல்லது இப்போதைய கம்பெனியே மதுரையிலிருந்து வேலை செய்ய எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

மாமியாரின் இன்னொரு கவலை என்று நீங்கள் எழுதியிருந்தது, மருத்துவம். கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை 1976ல் தொடங்கியதே மதுரையில்தான். மற்ற பெரிய சிகிச்சைகளுக்கும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. இதில் பார்க்க வேண்டியது உங்கள் காப்பீட்டு பாலிசியைத்தான். சில பாலிசிகளில் ஊருக்கு ஏற்பப் பிரீமியம் மாறும். சிறிய ஊர்க் கணக்கில் பிரீமியம் கட்டிவிட்டுச் சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டிவரும். முகவரி மாற்றும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக என் கருத்து இது. மேடவாக்கம் ஃபிளாட் இப்போது வேண்டாம், மதுரைக்குப் போனாலும் போகாவிட்டாலும். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே தரகரிடம் சொல்லிவிடுங்கள். 20 லட்சமும் கணவருக்கு வேலையும் அமைந்தால் தயங்காமல் மதுரைக்குப் போங்கள். 18தான் என்று அவர்கள் உறுதியாக நின்றால், அப்பா அம்மா ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதற்கு மாதம் 13,000 கொடுக்கலாமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு அது அதிக விலையாகத் தெரியவில்லை, ஆனால் அது உங்கள் இருவர் முடிவு. அங்கே போனதும் திருமங்கலம் பக்கம், ஒத்தக்கடை பக்கம் மனை காட்டக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் வாடகையில் இருந்துவிட்டு, வேலை நிலைத்த பிறகு பாருங்கள்.

கடைசியாகத் தேதி. 5 வருடம் முடித்தால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: 1 லட்சம் அடிப்படைச் சம்பளத்தில் 15/26 பங்கு, அதை ஐந்தால் பெருக்கினால் சுமார் 2,88,000, வரியும் இல்லை. இன்று ராஜினாமா கொடுத்து மூன்று மாத நோட்டீஸில் விலகினால் 4 வருடம் 10 மாதத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். 5 வருடம் முடிந்த மறுநாளோ அதற்குப் பிறகோ கடைசி வேலை நாள் வரும்படி, சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.