போலியோவுக்குக் கொட்டிய பணம் வீணா?

‘ஒரே ஒரு நோயை ஒழிக்க உலகம் முழுக்க இத்தனை கோடி தேவையா? அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. போலியோ முகாம் ஞாயிறுகளில் பல வருடம் பேருந்து நிலையத்தில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றவள் நான். முகாம் வந்தால் நர்சுகளின் மற்ற வேலைகள் தள்ளிப்போகும். ஆனாலும் அது வீண் இல்லை என்பேன்.

பெரியம்மைக்கு 1967 முதல் உலகம் செலவழித்தது சுமார் 30 கோடி டாலர். 1980 மே மாதம் ஒழிந்ததாக அறிவித்தார்கள். என் அம்மாவின் கையில் அம்மை குத்திய தழும்பு உண்டு. என் மகளுக்கு அந்த ஊசியே தேவைப்படவில்லை. வருடா வருடம் அந்தச் செலவு மிச்சம். இது எல்லோருக்கும் தெரிந்த லாபம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முகாமுக்கு மறுநாள் வீடு வீடாகப் போய், குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்போம். விட்டுப்போன பிள்ளையைத் தேடிப் பிடிக்கும் வேலை அது. இதே வேலை நைஜீரியாவில் என்ன செய்தது என்று பாருங்கள்.

2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். எபோலா என்னும் உயிர்க்கொல்லித் தொற்றுநோய்! கோடிக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் ஊர். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பச் சொல்லி எவ்வளவோ நெருக்கியும், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமேயோ அடடெவோ அனுப்பவில்லை. அதே நோயில் அந்த டாக்டரும் இறந்துபோனார். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

அரசு உடனே போலியோ அவசர மையத்தின் துணைத் தலைவர் ஃபைசல் ஷுஐபிடம் பொறுப்பைக் கொடுத்தது. போலியோவில் பழகிய ஆட்களும் சேர்ந்து, நோயாளிகளோடு பழகிய 894 பேரைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் வருகிறதா என்று 21 நாள் பார்க்க, சுமார் 18,500 முறை வீட்டுப்படி ஏறினார்கள். மொத்தம் 20 பேருக்குத்தான் நோய்; 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கினி, லைபீரியா, சியரா லியோனில் அதே கொள்ளைநோய் 11,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

லாகோஸில் ஆஸ்பத்திரி இல்லாமலா இருந்தது? படியேறத் தெரிந்த ஆட்கள் ஒரே நாளில் கிடைக்கமாட்டார்கள்.

போலியோவுக்காக வந்த இப்படிப்பட்ட ஏற்பாடு நம் ஊரிலும் உண்டு. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போலியோ ஆய்வகம் இருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை முதலில் தொடங்கியதும் அந்த நிலையத்தில்தான்.