கென்னடி நூலகத்தில் உங்களுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது

தம்பி,

பாஸ்டன் பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, சனி ஞாயிறு என்றால் மளிகைக் கடை, கோயில், ஊருக்குத் தொலைபேசி, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தீர்கள். உடன் வேலை செய்பவர் கென்னடி நூலகத்தில் நடக்கும் கூட்டங்களுக்குப் போகச் சொன்னாராம். நூலகத்தில் என்ன கூட்டம், விசாவில் இருப்பவனை உள்ளே விடுவார்களா, பணம் கட்ட வேண்டுமா, என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விகள் எனக்கும் இருந்தன. கேட்க ஆள் கிடைக்காமல் இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

விசாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டங்கள் பொதுமக்கள் எல்லாருக்கும் உரியவை. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நூலகம் என்ற பெயரைப் பார்த்துப் புத்தகம் இரவல் வாங்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் கடிதங்கள், கோப்புகள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் ஆவணக் காப்பகம் அது. கூடவே அருங்காட்சியகமும் உண்டு. அதிபர்களுக்கு இப்படி நூலகம் அமைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் அவர் கட்டிய நூலகம் 1941இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பதவி முடிந்த அதிபர் தம் காகிதங்களை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். அவை அவருடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. அதிபரின் அலுவல் ஆவணங்கள் மக்களுக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது 1978இல்தான். நன்கொடை திரட்டிக் கட்டிடத்தை எழுப்பி, நடத்தும் பொறுப்பை அரசின் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பார்கள். கென்னடி நூலகமும் அப்படி வந்ததுதான்.

அது நிற்கும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. முதலில் கேம்பிரிட்ஜில், ஹார்வர்டுக்குப் பக்கத்தில் கட்டுவதாக இருந்தது. கூட்டமும் வண்டிகளும் பெருகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். கடைசியில் டார்செஸ்டரில், கடலோரத்தில், ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிவந்த கொலம்பியா பாயிண்ட் என்ற நிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1979 அக்டோபரில் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஐ. எம். பெய். சீனாவில் பிறந்து, 1935இல் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். கறுப்புச் சட்டகமும் கண்ணாடியுமாக உயர்ந்து நிற்கும் அந்தக் கூடத்தில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம், நம்மைப் போல் வந்த ஒருவர் கட்டியது என்று எனக்குள் ஒரு பெருமிதம் எழும்.

கூட்டங்களுக்கு 'கென்னடி நூலக ஃபோரம்' என்று பெயர். கட்டணம் கிடையாது. இடம் நிரம்பிவிடும் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் டிக்கெட் வாங்க வேண்டும். அதற்கும் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் சலுகைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல ஊர்களில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்கள். மேடையில் வரலாற்று ஆசிரியர், பத்திரிகையாளர், முன்னாள் அமைச்சர் என்று யாராவது இருப்பார்கள். எதிரே ஒரு நெறியாளர். நம் பட்டிமன்றம் போல இரண்டு அணியும் தீர்ப்பும் எதிர்பார்க்காதீர்கள். நிதானமாகப் பேசுவார்கள், பிறகு அவையினர் கேள்வி கேட்கலாம். கேள்வி நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் எழுந்து முன்னாள் அமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்பார். அவரும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

ஆங்கிலம் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. முதல் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நகைச்சுவைக்கு எல்லாரும் சிரித்த பிறகுதான் எனக்குப் பொருள் விளங்கியது. கேள்வி நேரம் தொடங்கியதும் எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய கூட்டங்களின் காணொளிகளையும், பேச்சை அப்படியே எழுதிய படிகளையும் நூலகமே இணையத்தில் வைத்திருக்கிறது. வாரம் ஒன்று எடுத்து, எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மூன்று மாதத்தில் காது பழகிவிட்டது. நீங்களும் இப்படித் தொடங்குங்கள்.

நான் முதன்முதலில் கேள்வி கேட்டது குடியேற்றச் சட்டம் பற்றிய ஒரு கூட்டத்தில். அன்றுதான் தெரிந்துகொண்டேன்: 1946இல் வந்த சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம். நாடு முழுவதற்கும் நூறே பேர்! அந்த முறையை மாற்ற வேண்டும் என்று செனட்டராக இருந்தபோதே எழுதியவர் கென்னடி. 1963 ஜூலையில் அதிபராக நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரையும் அனுப்பினார். நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் அடியில், அவருக்குப் பின் அதிபரான ஜான்சன் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். நானும் நீங்களும் இங்கே இருப்பது அந்தக் கையெழுத்தால்தான். கை நடுங்க எழுந்து, அந்த நூறு என்ற எண்ணை எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேள்வி. பேசியவர் பத்து நிமிடம் பதில் சொன்னார். கூட்டம் கலைந்தபோது ஓர் ஐரிஷ் வம்சத்து மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, தம் பாட்டி வேலை தேடிய காலத்தில் ஐரிஷ்காரர்களுக்கு இந்த ஊரில் நேர்ந்த அவமானங்களைச் சொன்னார். இந்த ஊரில் ஒருவர் தம் குடும்பக் கதையை என்னிடம் சொன்னது அதுவே முதல் முறை.

கேள்வி கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். முன்னுரை வேண்டாம். நம் ஊர்க் கூட்டங்களில் கேள்வி கேட்க எழுபவர் தாமே ஓர் உரை ஆற்றிவிட்டு அமர்வார். இங்கே இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அவை பொறுமை இழக்கும்.

மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாலை நேர ஃபோரத்தில் குழந்தை சலித்துப்போவாள். அவளுக்கென்று 'செலிபிரேட்' என்ற இலவச நிகழ்ச்சி வரிசை தனியாக இருக்கிறது. பல நாட்டு மரபுகளைச் சேர்ந்த நடனம், இசை, கதை சொல்லல் எல்லாம் அதில் வரும். நாம் வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் அழைத்துப் போகிறோம், நல்லதுதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பாட்டி எந்தப் பாட்டுக்கு ஆடினாள் என்பதும் நம் குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். என் மகன் மேளம் கொட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது அங்கே பார்த்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகுதான்.

வரலாற்றில் ஆர்வம் உண்டென்று எழுதியிருந்ததால் இன்னொன்று. முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போனால் அங்குள்ள ஆய்வு அறையில் அசல் ஆவணங்களையும் பார்க்கலாம். சீனப் போரின்போது, 1962 நவம்பர் 19 அன்று, அமெரிக்க விமானப்படையின் உதவி கேட்டு நேரு கென்னடிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் இந்த நூலகத்தின் ஆவணங்களில் இருக்கின்றன. அப்போது டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த கால்பிரெய்த்தின் காகிதங்களும் இங்கேதான். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் கையெழுத்துப் படிகளும் இங்கே இருக்கின்றன. கணவர் இறந்தபின் அவற்றைக் கியூபாவிலிருந்து எடுத்து வர மேரி ஹெமிங்வேக்குக் கென்னடி அரசு உதவியது. அந்த நன்றியில் இங்கே கொடுத்தார்.

கார் இருந்தால் நிறுத்தக் கட்டணம் இல்லை. நடுவண் அரசின் நிதி ஒதுக்கீடு நின்றுபோகும் நாட்களில் மூடிவிடுவார்கள், செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடற்காற்று நவம்பரிலேயே எலும்பைக் குத்தும். மகளுக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம். ரயிலில் வருவதானால் சிவப்புத் தடத்தில் ஏறி ஜே.எஃப்.கே. யூமாஸ் நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து நூலகத்துக்கு இலவச பஸ் உண்டு. வண்டி முகப்பில் ஆஷ்மாண்ட் என்று போட்டிருக்கிறதா பிரெய்ன்ட்ரீ என்று போட்டிருக்கிறதா என்று கலங்க வேண்டாம், இரண்டும் அங்கே நிற்கும்.